பிளாட்போம் ரிக்கற்

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது, பிளாட்போமில் ஆட்கள் குந்துகிற கடைசி வாங்கில் தனியாக இருந்த ஒரு வெள்ளைப் பொதி. ஸ்டேசன் மண்டபத்துக்கும் பிளாட்போமுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, பிளாட்போமில் ஆள் இல்லை. யப்பானில் ஒருவரை எரித்தபின் எலும்பையும் சாம்பலையும் ஒரு பானையில் இட்டு, பானையைச் சதுரப் பெட்டியில் வைத்து, வெள்ளைத் துணியால் சுற்றித் தருவார்கள். வாங்கில் இருந்தது அப்படியான பொதி. எங்களைப்போல இன்னொரு குடும்பமும் இன்றைக்குப் பயணம் போகிறது என்று நினைத்துக்கொண்டு லொக்கர் பக்கம் நடந்தேன். என் அண்ணையின் பெட்டி லொக்கருக்குள் இருந்தது. திறப்பு என் காற்சட்டைப் பையில் இருந்தது.

இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் சிரிப்பீர்கள் என்று தெரியும். நானும் அந்தப் பாதியில் இருந்தவன்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் நிருபராக இருந்த காலத்தில், ஒரு ரயில் கடவையில் வெள்ளை உருவம் நிற்கிறது என்று ஊரே பொழுதுபட முதல் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தது. ஆசிரியர் என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால், கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் தங்கள் வழியில் ஆள் நடமாட்டம் வேண்டாம் என்று கட்டிவிட்ட கதை. அதை எழுதினேன். பேய் போய்விட்டது, கசிப்பு கொஞ்சம் விலை ஏறியது. அன்றிலிருந்து யார் பேய்க்கதை சொன்னாலும் இதில் யாருக்கு என்ன லாபம் என்றுதான் கேட்பேன். இந்தக் கதையில் ஒருவருக்கும் ஒரு லாபமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நகரத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் சிலர் விசா இல்லாமல் இருக்கிறார்கள். டோக்கியோவிலிருந்து வேக ரயிலில் போய், பிறகு சின்ன ரயில் மாறி, மலையைத் தாண்டிக் கடல்பக்கம் இறங்கவேண்டும். தொழிற்சாலைகள், பாலத்தின் கீழ் ஒரு ஆறு, ஸ்டேசனுக்கு முன்னால் ஒரு ஹொட்டேல், அவ்வளவுதான். ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம், பெப்ரவரி மாதம்.

நாங்கள் மூன்று பேர். அக்கா, பிறகு பாலன் அண்ணை, கடைசி நான். அக்கா கல்யாணம் கட்டி லண்டனுக்கு வெளிக்கிட்டபோது யாழ்ப்பாண ஸ்டேசனில் பிளாட்போம் ரிக்கற் எடுத்து உள்ளே வந்து ஏற்றிவிட்டது அண்ணைதான். சில வருடம் கழித்து என்னையும் அவர்தான் ஏற்றிவிட்டார். சூட்கேசை நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, மேலே இரண்டு விரல் மட்டும் நுழைகிற அளவில் ஒரு வளையம் விடுவார். அந்த வளையத்தை அவரைத் தவிர வேறு யாரும் விட்டு நான் கண்டதில்லை. எங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் தான் வெளிக்கிட்டார். யப்பான் போய் அங்கிருந்து லண்டன் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். யப்பானோடு நின்றுவிட்டது. யப்பான் விசா இருந்த காலத்தில் லண்டன் விசாவுக்கு இரண்டு தரம் எழுதிக் கேட்டார், இரண்டு தரமும் இல்லை என்று வந்தது. பிறகு விசாவும் முடிந்தது. கார்ப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில், யாரும் கேள்வி கேட்காத ஒரு மூலையில், அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்.

ரெலிபோனில் கதைக்கும்போது எப்போதும் ஒரே பகிடிதான். அக்கா வீடு விம்பிள்டனில். "விம்பிள்டன் ஸ்டேசனில நான் வந்து இறங்கினா ஆர் வருவியள் கூட்டிக்கொண்டு போக?" என்று கேட்பார். "எல்லாரும் வருவம்" என்று அக்கா சிரிப்பார். இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் பத்துப் பதினைந்து வருடம் மாறவில்லை.

குளிக்கப் போனவர் திரும்பி வரவில்லை, நெஞ்சுவலி. அவரோடு ஒரே அறையில் இருந்த நிமல் என்ற குருநாகல் சிங்களவர் எங்கள் நம்பரைத் தேடிப் பிடிக்கிறதற்குள் எரித்து முடிந்துவிட்டது. லண்டனில், நோர்பரியில் என் வீட்டுக்குத்தான் அழைப்பு வந்தது. நான் அக்காவுக்குச் சொன்னேன். அக்கா அழுதார், அது பொய் அழுகை இல்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, மகளின் கல்யாணத்துக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் இருக்கிறது என்றார்.

செத்த வீட்டுக்காரருக்குத் துடக்கு. துடக்கோடு மணவறைப் பக்கம் போக ஏலாது. அதுவும் தாய்மாமன் செத்தது வெளியில் தெரிந்தால் மாப்பிள்ளை வீடு ஒரு வருடம் தள்ளச் சொல்லும். "ஒருத்தருக்கும் வாய் திறக்காதே" என்றார் அக்கா. "போனவன் போயிட்டான். இனி அவனுக்கு ஒண்டும் தெரியப்போறதில்லை. இருக்கிறவளைத்தான் பாக்கவேணும். நீ போய் அங்கையே கடல்ல விட்டிட்டு வா."

"கொண்டு வாறன்" என்றேன்.

அக்கா, "கொண்டு வந்தாலும் ஆக்கள் படுக்கிற இடத்துக்குள்ள வைக்காதே. கல்யாண வீடு" என்றார்.

பாசத்தால் மட்டும் நான் கொண்டுவர நினைத்தேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அவரை விம்பிள்டன் ஸ்டேசனில் இறக்கவேண்டும், அக்கா வந்து நின்று பார்க்கவேண்டும். அவருக்கு அந்த ஒன்றாவது கிடைக்கவேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

நிமல் ஐம்பது வயது ஆள். அவர் கதைத்தது தமிழ், அதுவும் அச்சு அசல் அண்ணையின் தமிழ். இழுப்பு, ஓம், "விசர்க் கதை கதையாதே" எல்லாம் அப்படியே. சிங்களவர் ஒருவர் யப்பானில் இருந்து என் அண்ணையின் குரலில் என்னைத் தம்பி என்று கூப்பிட்டபோது எனக்கு முகத்தைத் திருப்பவேண்டியிருந்தது. பெட்டியை அவர் தங்கள் அறையில் ரீவிக்கு மேல் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி, ஒரு தோடம்பழம்.

அடுத்த நாள் விடிய முதல் ரயில். எனக்கு ஹொட்டேலில் அறை போட்டிருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு ஸ்டேசன் வாசலுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை, ஆனால் சாம்பலைப் படுக்கிற அறைக்குள் கொண்டுபோகக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவன். எங்கள் ஊரில் அதை வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள், வெளியில் மரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு விடிந்ததும் கடலுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே மரம் இல்லை, கோயில் தெரியாது. மண்டபத்தின் ஓரத்தில் லொக்கர் வரிசை இருந்தது.

நிமல் நான் காசு போடுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாலன் அண்ணை எங்கட அறையில ரெண்டு கிழமை இருந்தவர்" என்றார். "எனக்கு ஒண்டும் செய்யேல்லை. லொக்கர் சாமான் வைக்கிறதுக்கு, தம்பி."

நான் கதவைச் சாத்தித் திறப்பைத் திருகினேன்.

இனி அன்று காலைக்கு வருகிறேன். என்னை ஏற்றிவிட நிமலும் வந்திருந்தார். அந்த லொக்கருக்கு ஒரு வழக்கம் உண்டு, நாள் மாறினால் இன்னொரு நாள் காசு போட்டால்தான் திறப்புத் திரும்பும். நான் போனபோது காசு கேட்டுக்கொண்டிருந்தது. அதாவது முதல் நாள் பின்னேரம் பூட்டியபிறகு அதை யாரும் திறக்கவில்லை. இதை நான் அன்றே இரண்டு தரம் நிமலைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். காசைப் போட்டேன், திறப்புத் திரும்பியது, கதவு திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பெட்டி இருந்த இடத்தில் தூசிகூட இல்லை.

நான் நிமலைப் பார்த்தேன். நிமல் கண்ணாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலில் ரிக்கற் பார்க்கிற ஊழியர் ஒருவர்தான் அந்த நேரம். நாற்பது வயது இருக்கும், வெள்ளைக் கையுறை. நிமல் அவரோடு கதைத்து எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஸ்டேசன் திறந்ததும் ஒரு ஆள் வந்தார். தொழிற்சாலைச் சாம்பல் நிறச் சட்டை, முகத்தில் தடிமன் காய்ச்சலுக்குப் போடுகிற வெள்ளை முகமூடி, கையில் அந்தப் பொதி. மெசினில் பிளாட்போம் ரிக்கற் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இந்தக் குளிரில் முதல் ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஊழியர் சொன்னார். பரவாயில்லை, ஒருவரை வழியனுப்ப வந்தேன் என்றார் அந்த ஆள். அந்த ஊர்ப் பேச்சில் சொன்னபடியால் ஊர் ஆள் என்று நினைத்ததாகச் சொன்னார் ஊழியர். வெளிநாட்டுக்காரரா என்று நான் கேட்கச் சொன்னேன். ஊழியர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, முகத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை, மன்னிக்கவேண்டும் என்று குனிந்தார்.

"அண்ணைக்கு மரியாதை யப்பான் பாசை வராது" என்றார் நிமல். "தொழிற்சாலையில பழகின இந்த ஊர்ப் பேச்சுத்தான் தெரியும்."

ஊழியர் எங்களை உள்ளே விட்டார். பொதியைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். முதல் நாள் நான் லொக்கரில் வைத்தபோது துணியை மேலே முடிச்சுப் போட்டிருந்தது, அவ்வளவுதான், கயிறு இல்லை. இப்போது நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருந்தது. மேலே ஒரு வளையம். நான் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் போனது.

கயிற்றுக்குக் கீழே அந்த ரிக்கற் செருகியிருந்தது. அன்றைய காலை நேரம் அச்சடித்து, நீல மையில் வாசல் முத்திரை விழுந்திருந்தது. நிமல் அதை வாங்கிக் கிட்டப் பிடித்து வாசித்தார். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது.

"என்னவாம்?"

"இதோட ரயிலுக்குள்ள ஏற ஏலாது எண்டு போட்டிருக்கு."

எல்லா பிளாட்போம் ரிக்கற்றிலும் அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. இரண்டு தரம் லண்டனிலிருந்து வந்த பதிலும் இதுதானே.

நிமல் ரிக்கற்றை என் கையில் தந்தார். "தம்பி, அண்ணை உன்னை ஏத்திவிட வந்திருக்கிறார். உன்னோட வாறதுக்கு வரேல்லை. விட்டிட்டுப் போ, நான் வைச்சுப் பாக்கிறன்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. அவரைப் பாக்க லண்டனில ஆக்கள் இருக்கினம்" என்றேன்.

தண்டவாளத்தில் பனியைத் தள்ளிக்கொண்டு ரயில் வந்தது. நான் வளையத்தில் விரலை மாட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். நிமல் பிளாட்போமில் நின்றார். ரயில் வெளிக்கிட்டபோது அவர் கையைக் காட்டினார், எனக்கு இல்லை. ஜன்னலில் நான் இருந்த பக்கம் அவர் பார்க்கவேயில்லை. பக்கத்தில், அந்தக் கடைசி வாங்கின் பக்கம் திரும்பி, என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைப் பிழையாகப் பார்த்திருக்கலாம், ஜன்னலில் பனி படிந்திருந்தது.

விமானத்தில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். பாரம் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். பீங்கான் பானை, மரப்பெட்டி, இரண்டும் பாரம். முதல் நாள் தூக்கியபோது இருந்த பாரம் நினைவில்லை. இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஹீத்ரோவில் இறங்கி நேரே விம்பிள்டன் வந்தேன். ஸ்டேசன் வாசலில் நின்று அக்காவுக்கு ரெலிபோன் அடித்தேன். பின்னேரம், வேலை விட்டு வருகிற சனம் என்னை இடித்துக்கொண்டு போனது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இருக்கினம், கூறைச்சேலை பார்க்கினம், இப்போது வரவேண்டாம் என்றார் அக்கா. குரல் மிகவும் தாழ்வாக இருந்தது. ஸ்டேசனுக்காவது வந்து ஒரு தரம் பாருங்கோ என்று கேட்டேன். "எப்பிடியடா வாறது? எல்லாரும் இருக்கினம்" என்றார்.

எல்லாரும் வருவம் என்று சிரித்ததும் இதே குரல்தான்.

ட்ராம் ஏறி, பிறகு ரயில் மாறி நோர்பரிக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்குள் வைக்கவில்லை. பின்வளவில் இருந்த பலகைக் கொட்டிலில், புல்லு வெட்டுகிற மெசினுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். லொக்கருக்காக நிமல் என்னைப் பார்த்த பார்வையை அப்போதும் நினைத்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நானும் போனேன். தாய்மாமன் செய்யவேண்டியதை நான் செய்தேன். பாலன் மாமா ஏன் ரெலிபோன் எடுக்கவில்லை என்று மணப்பெண் கேட்டாள். ஷிப்ட் மாறியிருக்கும் என்று அக்கா சொன்னார்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த கிழமை, மரண அறிவித்தல் எழுதித் தா என்று அக்கா கேட்டார். நான் பத்திரிகையில் இருந்தவன், சொல் பிசகாமல் எழுதுவேனாம். பிறந்த இடம், வாழ்ந்த இடம், அன்னாரின் ஆருயிர்ச் சகோதரி, எல்லாம் எழுதினேன். காலமான திகதியை அக்கா சொன்னார். அது கல்யாணத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. நிருபராக இருந்த காலத்தில் ஒரு திகதியைப் பிழையாக விட்டதற்காக ஆசிரியரிடம் பேச்சு வாங்கியவன் நான். இதை எழுதிக் கொடுத்தேன். பத்திரிகையில் வந்தது, வானொலியில் வாசித்தார்கள். அக்கா வீட்டுக்குச் சனம் வந்து அழுதது. அண்ணை செத்து ஆறு கிழமைக்குப் பிறகு, அவர் லண்டனில் எல்லாருக்கும் செத்தார்.

ஆற்றில் விடுகிற நாள் தேம்ஸில் ஒரு படகு பிடித்தோம். அக்கா, அத்தான், ஐயர், நான். ஐயர் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார், முடிச்சு இறுகி அவிழவில்லை. அத்தான் கத்தரிக்கோல் கொடுத்தார். வெட்டினார்கள், துணியைப் பிரித்தார்கள், பெட்டியைத் திறந்தார்கள், பானையின் மூடியை ஐயர் எடுத்தார். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பானை கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. ஒரு துண்டு எலும்பு இல்லை, ஒரு சிட்டிகை சாம்பல் இல்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். லொக்கர், முகமூடி போட்ட ஆள், கயிறு, எல்லாம் சொன்னேன். அத்தான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்தார். என்றைக்கும் இல்லாத அன்போடு பிடித்தார்.

"நீ அங்கையே கடல்ல விட்டிட்டு வந்தனி, என்ன? அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கொண்டு வெறும் பானையைக் காவிக்கொண்டு வந்தனி. பரவாயில்லையடா. நான் சொன்னதைத்தானே செய்தனி."

நான் இல்லை என்றேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இன்றுவரை அவர் நம்புகிறது அதைத்தான். சொந்தக்காரருக்குச் சொல்லுகிறதும் அதைத்தான். ஐயர் பானைக்குள் பூவும் எள்ளும் போட்டு மந்திரம் சொல்லித் தண்ணீரில் விட்டார். காசு கொடுத்துப் படகை எடுத்தாயிற்றே.

வீட்டுக்கு வந்ததும் நிமலுக்கு அடித்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தேத்தண்ணி வைக்கிறதை நிறுத்தவில்லை என்று மட்டும் சொன்னார். யாராவது எடுத்திருக்கலாம், யாரோ விளையாடியிருக்கலாம், அந்த ஊழியரைத் திரும்பக் கேட்டுப் பாருங்கோ என்று நான்தான் விடாமல் கதைத்தேன். அடுத்த கிழமை நிமல் போய்க் கேட்டுவிட்டுச் சொன்னார். அந்த ஸ்டேசனுக்கு வாசல் ஒன்றுதான். பிளாட்போம் ரிக்கற் எடுத்தவர்கள் திரும்பிப் போகும்போது அதை அந்த வாசலில் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போகவேண்டும். அன்று காலை அப்படி ஒருவரும் கொடுக்கவில்லை, முகமூடி போட்ட ஆள் வெளியே போகவும் இல்லை.

அந்த ரிக்கற் என்னிடம் இருக்கிறது.